நாலு வாய் கார்புரேட்டர்

அண்ணன் அதைத் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பட்டறைக்குள் வந்தான். மேசைமேல் கிடந்த ஸ்பானர்களை முழங்கையால் ஒதுக்கித் தள்ளினான். இரண்டு கீழே விழுந்தன. குனிந்து எடுக்கவில்லை. எடுப்பதற்குத்தான் தங்கை இருக்கிறாளே.

"நல்லா பாத்துக்கங்க," என்று துண்டை விலக்கினான். "நாலு வாய்!"

சித்தப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். பட்டறை அவருடையது. இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே ட்யூனிங் செய்துவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். அந்தக் காதுகளில் ஒன்று பல வருடமாகக் கேட்பதில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டார்.

"அடேயப்பா, என்னடா இது அண்டா மாதிரி இருக்கு! எந்த வண்டியில இருந்து பிடுங்குனே?"

"பெரிய லாரி இன்ஜின் சித்தப்பா. இதை மாட்டினா நம்ம தவளை பறக்கும்."

தவளை என்பது வண்டியின் பெயர். பானட்டின் இரண்டு பக்கமும் விளக்குகள் கண்ணாகப் புடைத்து நிற்கும் பழைய பிக்கப் அது. அப்பா கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. ஆறு சிலிண்டர் இன்ஜின். காற்றையும் பெட்ரோலையும் கலந்து அதற்கு ஊட்டுவதற்கு ஒற்றை வாய் உள்ள சின்ன கார்புரேட்டர். அந்த ஊட்டம் இரண்டு வருடமாகப் பத்தவில்லை. சும்மா நிற்கும்போது தூளி ஆட்டுவதுபோல் சுகமாக ஓடும். லோடு ஏற்றி மேட்டில் விட்டால் மூச்சு வாங்கும், இருமும், உயிரை விடும்.

"தவளை பறந்து எங்க போகும், கிணத்துக்கா?" என்று பானட்டுக்கு அடியிலிருந்து கேட்டாள் அவள்.

"டிகிரி பேசிடுச்சு," என்றான் அண்ணன். சித்தப்பா சிரித்தார்.

பட்டறையில் அவளுக்கு அதுதான் பெயர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவள் அவள். அதுவும் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். முதல் வருடம் அந்தப் பெயரை அப்பா ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். படிப்பு முடிந்து, போன இடத்திலெல்லாம் 'சொல்லி அனுப்புறோம்' என்று அனுப்பிவிட, அப்பாவுக்கும் முழங்கால் மடங்காமல் போக, அவள் தவளையின் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அதற்குப் பிறகு அதே பெயர் வசவாகிவிட்டது. 'டிகிரி வண்டி வருதாம், அதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுட்டு வரலாம்' என்று காய்கறி மண்டியில் லோடு இறக்குகிறவர்கள் அவள் காதுபடவே சொன்னார்கள். மண்டிக்காரரும் ஒருநாள் வேறு வண்டிக்கு மாறிவிட்டார். வண்டி மேல் யாரும் பழி போடவில்லை. 'பொம்பளைப் பிள்ளை ஓட்டி இன்ஜினைக் கெடுத்துட்டா' என்று பழியை அவள் கால் மேலும் கை மேலும் போட்டார்கள்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். கீழே கிடந்த ஸ்பானர்களைத் தாண்டி வந்தாள்.

"இந்த இன்ஜின் ஃபுல் ஆக்ஸிலரேட்டர்ல இழுக்கிற காத்து, இது கொடுக்கிறதுல பாதிகூட இல்ல. வாய் பெருசானா காத்து சோம்பலாப் போகும். காத்து வேகமாப் போனாத்தான் பெட்ரோலை இழுத்துட்டுப் போகும். மேட்டுல மெதுவா ஏறுறப்போ இது பெட்ரோலையே இழுக்காது. நீ மிதிப்பே, அது வாயைப் பொளந்துட்டு நிக்கும்."

"வாய் பெருசா இருந்தா நல்லா சாப்பிடும். நல்லா சாப்பிட்டா பலம். இதுக்கெதுக்கு காலேஜ்?"

"வாய் பெருசா இருந்தா பலம்னா, நீ இந்நேரம் மலையைத் தூக்கியிருக்கணுமே."

"ஏய்!"

"ரெண்டு வாய் போதும். கார்ல வர்ற சின்னது. நான் பழைய சாமான் கடையில எடுத்து, பிரிச்சுக் கழுவி, பெட்ரோல் வர்ற ஜெட் எல்லாம் மாத்தி வெச்சிருக்கேன். அதோட ஹெட்டைக் கொஞ்சம் சீவி, ஸ்பார்க் டைமிங் சரிபண்ணினா போதும். உன் ஓட்டை சைலன்சரும் வேணாம், ரேஸ் கேம்ஷாஃப்டும் வேணாம். நாம தீவன மூட்டை ஏத்தப் போறோம், பந்தயத்துக்குப் போகலை."

தீவன மூட்டைதான் விஷயம். ஊருக்கு வெளியே குன்றின் உச்சியில் ஒரு மாட்டுப் பண்ணை இருந்தது. தினமும் தீவனத்தை மேலே ஏற்றி, பால் கேன்களைக் கீழே இறக்க ஒரு வண்டி வேண்டும் என்று பண்ணை மேனேஜர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் லோடோடு ஒருமுறை ஏறிக் காட்ட வேண்டும். ஏறுகிற வண்டிக்கு நிரந்தர வேலை. அந்த வேலையைத் தேடிப்போய்க் கேட்டவள் அவள். மேனேஜரின் மேசைக்கு எதிரில் நின்று பேசியவளும் அவள்தான். ஆனால் வீட்டில் பேச்சு எப்படியோ வழுக்கி வழுக்கி, 'அண்ணன் ஓட்டுவான்' என்று வந்து நின்றுவிட்டது. டயர் கடையில் வேலை பார்க்கிறவன் அண்ணன். நல்ல வேலை என்று தெரிந்த பிறகுதான் தவளை மேல் அவனுக்குப் பாசம் பொங்கியது.

ஏதோ காரிலிருந்து கழற்றிப் போட்ட பழைய சீட்டில் அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தகரப் பெட்டி. அவளுடைய பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸ். இப்போது அப்பா அதில் வாஷரும் திருகாணியும் போட்டு வைத்திருக்கிறார். அதன் மூடி எப்போது தொலைந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அப்பா அதற்குள் விரலை விட்டுக் கிளறிக்கொண்டே சொன்னார்:

"நாலு வாயே மாட்டு."

"ஏம்ப்பா?"

"ஏன்னா ஏன்? அவன் ஓட்டப் போறான், அவன் கேக்கறதை மாட்டு. வண்டி ஓட்டுறதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்? ஏறிட்டா வண்டி அவனுக்கு. நீ சித்தப்பாகிட்ட பில் போடு. ஃபேனுக்குக் கீழ உக்காந்து செய்யற வேலை."

"பில் போடறதுக்கா படிக்க வெச்சீங்க?"

அப்பா பெட்டிக்குள் இன்னும் வேகமாகக் கிளறினார். அவளுக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்துகொண்டு வந்தது.

"சரி. ஏறலைன்னா?"

"என்ன?"

"இவன் ஓட்டி, இவன் கொண்டாந்த கார்புரேட்டரோட வண்டி ஏறலைன்னா?"

"ஏறலைன்னா நீயே வெச்சுக்க, அந்தப் பாழாப்போன வண்டியை! ஆளை விடு."

"சித்தப்பா, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன்," என்றார் சித்தப்பா. "ஆனா மாட்டற வேலையை நீயே பாரு டிகிரி. எனக்கு இன்னிக்கு ரெண்டு கிளட்ச் பிளேட் இருக்கு."

அண்ணனுக்கு அதில் தனி சந்தோஷம். தன் கார்புரேட்டரைத் தங்கை கையாலேயே மாட்ட வைப்பது ஜெயித்தவன் மாலையைத் தோற்றவள் தலையில் சுமக்க வைப்பது மாதிரி. விசிலடித்துக்கொண்டே டயர் கடைக்குப் போனான்.

பழைய கார்புரேட்டரைக் கழற்ற அவள் ஸ்பானரை எடுத்தபோதுதான் அந்த விசித்திரம் ஆரம்பித்தது. அப்பா எழுந்து நின்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்தபடி பானட்டுக்குப் பக்கத்தில் வந்தார். இரண்டு வருடத்தில் அவள் பானட்டைத் திறந்தபோதெல்லாம் ஏறெடுத்தும் பார்க்காத மனிதர்.

"நீ போய்ச் சாப்பிட்டுட்டு வா. நான் கழட்டி வைக்கிறேன்."

"நீங்க எதுக்குப்பா? கால் வலிக்கும்."

"கால் வலிக்கட்டும். நீ போ. உங்கம்மா காத்திட்டிருப்பா."

"இப்பதான் சாப்பிட்டேன்."

"அப்ப வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு."

"என்னப்பா புதுசா? மாட்டு மாட்டுன்னீங்க, மாட்டறேன்."

அப்பா அங்கேயே நின்றார். பெட்ரோல் குழாயைப் பிடுங்கினாள், ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கழற்றினாள், ஒவ்வொன்றையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நட்டில் ஸ்பானரை வைத்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் டயர் கடை வண்டி வந்து ஹாரன் அடித்தது. அண்ணனின் முதலாளி, அப்பாவிடம் ஏதோ கேட்க வேண்டுமாம். அப்பா வாசலையும் இன்ஜினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் நொண்டிக்கொண்டே போனார்.

அவள் கார்புரேட்டரைத் தூக்கினாள்.

அடியில் காற்று கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் ஒன்றல்ல, இரண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகடு, சான்ட்விச்சில் வைத்த மாதிரி. கத்தரியால் வெட்டிய தகரம். இன்ஜினுக்குள் காற்று போகிற அகலமான துளையை அது மூடியிருந்தது. நடுவில் ஆணியால் வரிசையாகக் குத்தி, அரம் போட்டு ராவிய ஒரு சின்ன ஓட்டை மட்டும். கட்டைவிரல்கூட நுழையாது. அவ்வளவு பெரிய ஆறு சிலிண்டர் இன்ஜின் இரண்டு வருடமாக அந்த ஓட்டை வழியாகத்தான் மூச்சு விட்டிருக்கிறது.

முதலில் அவளுக்குக் கோபமே வரவில்லை. ஏதோ பழைய மெக்கானிக் வைத்தது என்றுதான் நினைத்தாள். பஞ்சு வேஸ்டைப் பெட்ரோலில் நனைத்துத் தகட்டைத் துடைத்தாள். நடுவில் இருந்த பெயிண்டை பெட்ரோல் என்றோ தின்றுவிட்டிருந்தது. கேஸ்கெட் மூடியிருந்த ஓரங்களில் மட்டும் பெயிண்ட் பிழைத்துக் கிடந்தது. மங்கிய நீலம். ஒரு ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சடித்த அளவுகளின் அட்டவணை. இன்னொரு ஓரத்தில், காம்பஸ் முனையால் கீறிய ஒரு மீன் வால்.

மீனை அவள்தான் கீறினாள். ஆறாம் வகுப்பில், கணக்கு டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது. தலை இருந்த இடத்தில் இப்போது ஓட்டை.

மூடி தொலையவில்லை. அப்பா மடியில் வைத்துக் கிளறிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியின் மூடி இரண்டு வருடமாக இங்கேதான் இருந்திருக்கிறது.

அவள் மூளை தானாகக் கணக்குப் போட்டது. அவள் சாவியை வாங்கிய மறு வாரமே தவளை திணற ஆரம்பித்தது. அன்றிலிருந்து அவள் வால்வைச் சோதித்தாள், பிளக்கை மாற்றினாள், கம்ப்ரஷன் பார்த்தாள், எக்ஸாஸ்ட் அடைப்பைத் தேடினாள், படித்த புத்தகத்தையெல்லாம் மறுபடி புரட்டினாள். கார்புரேட்டரை எத்தனையோ தடவை வண்டியில் வைத்தபடியே மேல் மூடியைக் கழற்றி, ஜெட்டுகளைச் சுத்தம் செய்திருக்கிறாள். ஒருமுறைகூட அடியோடு தூக்கிப் பார்க்கவில்லை. தூக்கினால் கேஸ்கெட் கிழிந்துவிடும், புதுசு வாங்க வேண்டும், அதெல்லாம் வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அப்பா சொன்னதை நம்பினாள்.

வாசலில் அப்பாவின் குரல் கேட்டது. இன்னும் அந்த முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். திருப்பி வைத்துவிடலாம். நாலு வாய்க்கு அடியில் இதை வைத்து நட்டை இறுக்கினால் அண்ணன் குன்றின் முதல் வளைவைக்கூடத் தாண்ட மாட்டான். வண்டி அவளுக்கு. ஏன் ஏறவில்லை என்று அப்பாவுக்கு மட்டும் தெரியும். தெரிந்தாலும் வாயைத் திறக்க முடியாது. நினைக்கும்போதே நாக்கு இனித்தது. தகட்டைத் துளை மேல் வைத்தும் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது, அப்பா நல்ல வேலைக்காரர்.

பிறகு எடுத்துவிட்டாள். நல்லவளாக இருப்பதற்காக எடுக்கவில்லை. தகட்டோடு நின்றால் தகடு நிறுத்தியதாக ஆகிவிடும். அவள் காற்றைப் பற்றிச் சொன்னதும் வாயைப் பற்றிச் சொன்னதும் காலேஜ் வெட்டிப்பேச்சாகவே கிடக்கும். ஜெயிக்கவும் அப்பாவின் தகரம்தான் வேண்டுமா? நாலு வாய் தன் வாயாலேயே நிற்கட்டும். தகடு எடுத்த தவளை என்ன செய்யும் என்று அவளுக்கே தெரியாது. ஒருவேளை ஏறியும் தொலைக்கலாம். ஏறினால் பில் போட வேண்டியதுதான்.

தகட்டைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினாள். புதுக் கேஸ்கெட் வெட்டி, அளவு பொருந்த ஒரு இணைப்புக் கட்டை வைத்து, அண்ணனின் நாலு வாயை ஒரு காற்றுக் கசிவு இல்லாமல் மாட்டினாள். சித்தப்பாவே வந்து குறை கண்டுபிடிக்க முடியாதபடி மாட்டினாள்.

அப்பா திரும்பி வந்தபோது கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டியா?"

"ம்."

அப்பா பழைய கார்புரேட்டரை எடுத்து அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்தார். தரையைப் பார்த்தார், குப்பை டப்பாவைப் பார்த்தார்.

"அடியில ஏதாச்சும் இருந்துச்சா?"

"கேஸ்கெட் இருந்துச்சு."

"வேற?"

"வேற என்ன இருக்கணும்?"

அவள் நிமிர்ந்து அவர் கண்ணையே பார்த்தாள். இப்போது சொல்லலாம். பட்டறையில் கேட்க யாரும் இல்லை. சித்தப்பா வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார், அதுவும் கேட்காத காது மேலே இருக்கும்படி. இப்போது அப்பா ஒரு வார்த்தை சொன்னால்கூட அவள் தகட்டைக் குப்பையில் போட்டிருப்பாள். அவள் காத்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல. பழைய வண்டியாச்சே, ஏதாச்சும் துரு கிரு..." என்றார் அப்பா.

"துரு ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் சுத்தமா இருந்துச்சு. யாரோ பாத்துப் பாத்து வெச்ச மாதிரி."

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. தகடு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? கேட்டால் மாட்டிக்கொள்வார். கேட்காவிட்டால் தூங்க மாட்டார். அந்த அவஸ்தையை அவள் வேடிக்கை பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தவளை குன்றடிக்கு வந்து சேர்வதற்குள் வழியில் இருந்த நாயெல்லாம் குரைத்து ஓய்ந்துவிட்டது. அண்ணன் மாட்டிய சைலன்சரின் வேலை அது. முன்னால் அண்ணனும் சித்தப்பாவும் அப்பாவும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் தீவன மூட்டைகள் மேல் அவள், மடியில் ஒரு அட்டைப்பெட்டியோடு.

மேனேஜர் கேட் பக்கத்தில் காத்திருந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட, சிரிக்க நேரமில்லாத பெண்மணி. வண்டி ஓட்டுகிற இடத்தில் அண்ணனைப் பார்த்ததும் புருவம் சுருங்கியது.

"என்கிட்ட வந்து பேசினது உங்க தங்கச்சி இல்ல?"

"அவ சும்மா பேச்சுக்கு மேடம். வண்டி நான்தான்," என்றான் அண்ணன்.

மேனேஜர் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். அவள் மடியிலிருந்த பெட்டியை இன்னும் நெருக்கிக்கொண்டாள்.

"யாரா இருந்தா எனக்கென்ன. தீவனம் மேல வரணும். ஏத்துங்க," என்று தன் ஜீப்பில் பின்னால் வந்தார்.

தவளை ஏறியது. உறுமிக்கொண்டு ஏறியது. தகடு எடுத்த தொண்டையில் காற்று இறங்கி, இரண்டு வருடமாக அவள் கேட்காத குரலில் இன்ஜின் பாடியது. முதல் ஏற்றம் போயிற்று. முதல் வளைவும் போயிற்று. ஏறிவிடுமோ? ஸ்பானரையெல்லாம் விட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே பில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கிற தன்னை அவள் பார்த்தேவிட்டாள். மூட்டையின் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள்.

இரண்டாவது வளைவு கொண்டை ஊசி. அங்கே யாராக இருந்தாலும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அண்ணனும் குறைத்தான், கியரை இறக்கினான், பிறகு ஓங்கி மிதித்தான். நாலு வாயும் ஒரே நேரத்தில் பிளந்துகொண்டன. இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிற நேரம். அத்தனை பெரிய வாய் வழியே காற்றை வேகமாக இழுக்க அதனிடம் மூச்சில்லை. 'பொக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தவளை நின்றது, ஒரு நொடி யோசித்தது, பின்னால் உருள ஆரம்பித்தது.

அவள் குதித்து, சாலையோரக் கல்லை இழுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் திணித்தாள். வண்டி கல்லில் முட்டி நின்றது.

அண்ணன் மறுபடி ஸ்டார்ட் செய்தான். மிதித்தான். 'பொக்.' மறுபடி. 'பொக்.' பெட்ரோல் வாடை மூக்கைப் பிடுங்கியது. மேனேஜர் ஜீப்பை விட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பெட்ரோல்ல கலப்படம்," என்றார் சித்தப்பா இறங்கிக்கொண்டே. "சத்தத்துலயே தெரியுது."

"கலப்படம் ஒண்ணும் இல்ல!" அண்ணன் கதவை அறைந்து சாத்தினான். "இவதான்! வேணும்னே ஏதோ பண்ணி வெச்சிருக்கா. வண்டி கைவிட்டுப் போகுதேன்னு வயித்தெரிச்சல். ஏய், என்னடி பண்ணினே?"

"நீ கொண்டாந்ததை நீ சொன்ன மாதிரி மாட்டினேன்."

"பொய் சொல்லாத! அப்பா, கேளுங்க அவளை!"

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க வீட்டுச் சண்டையை வீட்டுல வெச்சுக்கங்க. நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

அண்ணனின் முகம் அழப்போகிற பிள்ளையின் முகமாக மாறியது. "அப்பா..." என்றான்.

அந்த ஒரு 'அப்பா' போதுமாக இருந்தது. அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மேனேஜருக்கு முன்னால் போய் நின்றார்.

"மேடம், ஒரு நிமிஷம். பையன் மேல தப்பில்ல. அவன் நல்லாத்தான் ஓட்டினான். கார்புரேட்டருக்கு அடியில ஒரு தகடு இருக்கு. காத்தை அடைக்கிற தகடு. அதை எடுத்துட்டா ஏறிடும். பத்து நிமிஷ வேலை."

சூடான இன்ஜின் மட்டும் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன தகடு?" என்று கேட்டார் சித்தப்பா. "நான் பாக்காம எவன் வெச்சான்?"

"நான்தான்."

"எப்ப?"

அப்பா மகளைப் பார்க்காமல் சொன்னார். "இவ வண்டி எடுத்தப்ப."

"எதுக்குப்பா?" அவள் குரல் அவளுக்கே பயமாக இருக்கும்படி அமைதியாக வந்தது.

"வேகமா ஓட்டிட்டு எங்கயாச்சும்..."

"பொய்."

"உன்ன லோடு அடிக்கவா படிக்க வெச்சேன்?" அப்பா வெடித்தார். "ஊரெல்லாம் எம் பொண்ணு இன்ஜினியர், எம் பொண்ணு இன்ஜினியர்னு சொன்னேன். நீ மூட்டை ஏத்திட்டுத் திரியறே. எவன் முகத்துல முழிக்கிறது? வண்டி இழுக்கலைன்னா சலிச்சுப்போய் ரெண்டு மாசத்துல விட்டுடுவேன்னு நெனச்சேன். நீ விடலை. நான் என்ன பண்றது?"

"எடுத்திருக்கலாமே."

அப்பா குனிந்து முழங்காலைத் தடவினார்.

"மண்டியில என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. நீங்களும் அந்த சீட்டுல உக்காந்துக்கிட்டு, பொம்பளை ஓட்டினா இப்படித்தான்னு தலையாட்டினீங்க. ரெண்டு வருஷமா எனக்காகத் திறக்காத வாய், அவன் ஒரு தடவை அப்பான்னதும் திறந்துடுச்சு."

"இப்ப அதுக்கென்ன?" என்று அண்ணன் நடுவில் புகுந்தான். தகடு என்ற சொல் அவனுக்கு உயிர் கொடுத்திருந்தது. "அதான் தகடுன்னு தெரிஞ்சு போச்சே. எடுத்துட்டா ஏறிடும். மேடம், பத்தே நிமிஷம்!"

அவள் சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றினாள். தகட்டை எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இதுவா?"

அப்பா அதைப் பார்த்தார். மீன் வாலைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையே எடுத்துட்டேன். இன்னிக்கு இவன் ஓட்டினது தகடு இல்லாத வண்டி. இது நின்னது அவனோட நாலு வாயால."

அண்ணன் தகட்டையும் பானட்டையும் மாறி மாறிப் பார்த்தான். சித்தப்பா திரும்பிக்கொண்டு குன்றின் அழகை ரசித்தார்.

"ஏறலைன்னா நீயே வெச்சுக்கன்னு சொன்னீங்க," என்றாள் அப்பாவிடம். "சித்தப்பா சாட்சி. அவருக்குக் கேக்கிற காதுப் பக்கமாத்தான் சொன்னீங்க. சாவி."

"எல்லாரும் பாக்கறாங்க... வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"எல்லாரும் பாக்கத்தானே என்னை நிறுத்தி நிறுத்தி ஓட வெச்சீங்க? சாவி குடுங்க. நாளைக்கே வண்டி என் பேருக்கு மாறணும். முடியாதுன்னா சொல்லுங்க, இந்தக் கல்லை உருவறேன். நீங்களும் உங்க பிள்ளையும் தள்ளிட்டே வீட்டுக்குப் போங்க."

அவள் கால் அந்தக் கல்லின் மேல் இருந்தது. அப்பா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் வேறெங்கும் பார்க்காமல் இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அண்ணன் பக்கம் தலையசைத்தார். அண்ணன் சாவியைப் பிடுங்கி அவள் மேல் எறிந்தான். அது அவள் தோளில் பட்டு ரோட்டில் விழுந்தது.

"எடுத்துக் குடு," என்றாள்.

"என்னடி?"

"நீ போட்டதை நீ எடு. இது சித்தப்பா பட்டறை இல்ல."

அண்ணன் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்தான்.

"எவ்வளவு நேரமாகும்?" என்று மேனேஜர் அவளிடம் கேட்டார்.

"இன்ஜின் கொஞ்சம் ஆறணும் மேடம். அப்புறம் நாலு நட்டு, ஒரு குழாய், ஒரு கம்பி."

"சீக்கிரம். என் மாட்டுக்கு உங்க கதையெல்லாம் புரியாது."

அட்டைப்பெட்டியைத் திறந்தாள். தன் கையால் பிரித்து, கழுவி, பூட்டிய இரண்டு வாய் கார்புரேட்டர் அதில் இருந்தது. கூடவே அதன் இணைப்புக் கட்டை, கேஸ்கெட். நாலு வாயைக் கழற்றி அண்ணனின் கையில் கொடுத்தாள். கொண்டு வந்தபோது குழந்தைபோல் ஏந்தியவன், இப்போது எங்கே வைப்பதென்று தெரியாமல் பெட்ரோல் சட்டையில் ஒழுக ஒழுக நின்றான். சித்தப்பா ஒரு ஸ்பானரை எடுத்துக் கொடுக்க வந்தார். அவள் வாங்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்ததைத் தானே எடுத்தாள்.

முடித்ததும் தகட்டை அப்பாவின் கையில் வைத்தாள்.

"பெட்டிக்கு மூடி இல்லாம வாஷரெல்லாம் சிந்துதுன்னு அம்மா சொல்லிட்டே இருக்காங்க. கொண்டுபோய் மூடுங்க."

மேனேஜர் ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு, தவளையின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "நானே பாக்கறேன்," என்றார். அவள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, கல்லை எடுக்கும்படி அண்ணனுக்குச் சைகை காட்டினாள். முதல் கியர். மெதுவாக, இன்ஜின் கேட்கிற அளவுக்கு மட்டும் மிதித்தாள். இரண்டு சின்ன வாயும் காற்றை வேகமாக உறிஞ்சின. தவளை முனகவில்லை, இருமவில்லை. கொண்டை ஊசியில் சக்கரம் திரும்பியது.

அப்பா ஓரிரண்டு அடி கூடவே நொண்டி வந்து, பின்பக்கக் கம்பியைப் பிடித்து ஏறப் பார்த்தார். அவள் பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்தாள். கால் பிரேக்குக்குப் போகவில்லை. கம்பி அவர் கையிலிருந்து நழுவியது.

"அது உங்க அப்பா இல்ல?" என்றார் மேனேஜர். "கால் முடியாதவர் மாதிரி இருக்கே. ஏத்திக்கலாமே."

"லோடு ஜாஸ்தி மேடம்," என்று இரண்டாவது கியருக்கு மாற்றினாள்.